வண்ணக்கரின் தலைமுடிச் சட்டம்

2024 ஆம் ஆண்டு யூலை மாதம் 21 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. வயல்வெளியின் சூட்டையெல்லாம் வாரி வந்து கோயில் முன்றிலில் கொட்டிய அக்காற்றில் மடைப்பள்ளியின் தகரக் கூரை ஓயாமல் அடித்துக்கொண்டது. வாவி ஓரத்து நீர் வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் வீட்டைவிட்டு வெளியேறாதிருப்பதே அறிவுடைமை. ஆயினும் வவுணதீவுக்கு அப்பால், வாவியின் மேற்குக் கரையிலுள்ள மருதஞ்சேனைக் கிராமத்தின் முருகன் கோயிற் சபை அன்று கூடியே தீர வேண்டியிருந்தது. ஊருக்குப் பேராபத்து ஒன்று நேர்ந்திருந்தது. அந்த ஆபத்து இளைஞர்களின் தலையில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஊரை மீட்க எழுந்தவர் பெயர் பூபாலபிள்ளை. வயது அறுபத்தேழு. கந்தப்போடி குடியின் வண்ணக்கர். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒரு வண்ணக்கர் உண்டு. தம் குடியின் சார்பில் கோயிற் காரியங்களைப் பார்ப்பவர் அவர். குடி தாய்வழியாக வருவது. தகப்பன் எவ்வளவு பெரிய மனிதராயினும், பிள்ளை தாயின் குடியையே சேரும். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. அந்த நாளில் சுவாமி வாகனத்தின் தண்டைத் தோளில் சுமந்து வீதிவலம் வருவோர் அக்குடியின் ஆண்பிள்ளைகளாகவே இருத்தல் வேண்டும். தோள் போதாமல் இன்னொரு குடியிடம் இரவல் வாங்கினால், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் காளாஞ்சி மரியாதையின்போது, தோள் கொடுத்த குடிக்குப் பின்னால்தான் அதன்பிறகு நிற்க வேண்டும். காளாஞ்சி வரிசையில் கந்தப்போடி குடி முதலாவது. பூபாலபிள்ளை வாழ்க்கையில் அடைந்தவை பல. ஆனால் அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதற்குக் காரணம் அந்த முதலிடமே.

“பொடியனுகள்ர தலையப் பாத்தா சாமியே கண்ண மூடும்,” என்று அவர் சபையில் தொடங்கினார். “ஒருத்தன்ட தலை செம்புக் குடம். மற்றவன்ட தலை பாதி மொட்டை, பாதி காடு. இவனுகள் தண்டு புடிச்சாச் சாமி போகுதா, கூத்துப் போகுதா எண்டு ஆருக்குகா தெரியும்?”

சபையோர் தலையசைத்தனர். அசைந்த தலைகளுள் முடி இல்லாதவையே அதிகம் என்பதால் தீர்மானத்துக்கு எதிர்ப்பில்லை. தலைமயிருக்கு இயற்கைக்கு மாறான நிறம் பூசியோர், இரு பக்கமும் வழித்து உச்சியில் மட்டும் வளர்த்தோர், காதிலே தோடு அணிந்த ஆண்கள், முழங்காலில் கிழிந்த காற்சட்டை அணிவோர் ஆகியோர் சுவாமியின் தண்டைத் தொடலாகாது என்று எழுதப்பட்டது. கோயிலுக்கு எல்லாரும் வேட்டியுடன்தானே வருகிறார்கள், காற்சட்டை எதற்கு என்று யாரோ மெல்லக் கேட்டார். “வீட்டுல கிழிஞ்சதப் போடுறவன் கோயில்லயும் கிழிசல்தான்,” என்று பூபாலபிள்ளை விடையளித்தார். காற்சட்டையும் சட்டத்தில் தங்கிவிட்டது.

சந்தேகம் எழுப்பியவர் உதயரூபன் ஒருவரே. கொக்கட்டிச்சோலைச் சந்தியில் சலூன் வைத்திருப்பவர். சபையின் சாதாரண உறுப்பினர்.

“வண்ணக்கர், ஒரு சின்ன விசயம். கறுப்புச் சாயமும் இந்தச் சட்டத்துக்குள்ள வருமா?”

சபையோரின் கண்களெல்லாம் வண்ணக்கரின் தலைக்குத் திரும்பின. அறுபத்தேழு வயதில் பூபாலபிள்ளையின் தலை காகத்தை நாணச் செய்யும் கறுப்பாக இருந்தது. மீசை அதைவிடக் கறுப்பு. இந்த அதிசயம் மாதந்தோறும் எந்த நாற்காலியில் நிகழ்கிறது என்பதை உதயரூபன் நன்கறிவார், நாற்காலி அவருடையது.

“கறுப்பு என்னகா சாயம்?” என்றார் பூபாலபிள்ளை. “அது உள்ள நிறம்தானே.”

“உள்ளதுதான். எப்ப உள்ளது எண்டுதான் கேக்கிறன்.”

பூபாலபிள்ளையைக் காப்பாற்றியவர் வேலாப்போடி குடியின் வண்ணக்கர் நல்லரத்தினம். காளாஞ்சி வரிசையில் இரண்டாம் இடத்தில் நிற்பவர். பூபாலபிள்ளையின் மனைவிக்கு மூத்த சகோதரரும் அவரே. “சரி சரி. ‘கறுப்புத் தவிர்ந்த’ எண்டு போடுங்க,” என்றார். “நம்மட மச்சானுக்குக் கரைச்சல் வரப்படாதே.” இவ்வாறு, கறுப்பு ஒரு நிறமன்று என்னும் உண்மை மருதஞ்சேனையில் ஏகமனதாக நிறைவேறியது. அன்று மாலையே கோயில் ஒலிபெருக்கியில் பூபாலபிள்ளை சட்டத்தைத் தாமே வாசித்தார். மறுநாளும் வாசித்தார். வாவியின் அக்கரையில் வலை வீசியவர்கள்கூடத் தம் தலையைத் தடவிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

இம்மனிதர் பிறக்கும்போதே வண்ணக்கராகப் பிறக்கவில்லை. 1976 இல் இவருக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆண்டு காத்தான்குடியில் துணி எடுத்து, அங்கேயே முகைதீன்பாவா என்ற தையற்காரரிடம் பெல்பொட்டம் தைக்கக் கொடுத்தார். அளவு கேட்ட முகைதீன்பாவா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இது ஒரு காற்சட்டையா, ரெண்டு பாவாடையா?” என்று வினவினாராம். அக்காற்சட்டையோடு பூபாலபிள்ளை ஊர் வந்து சேர்ந்தபோது, வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்னும் மிதவையின் ஈரத்தையும் துறையடிச் சேற்றையும் வழிநெடுகிலும் கூட்டிக்கொண்டே வந்தார். காது தெரியாத முடி, தாடை வரை இறங்கிய கிருதா, இரண்டாம் பொத்தான் வரை திறந்த சட்டை. அப்போதைய வண்ணக்கராகிய அவருடைய தாய்மாமன், “இவன் தண்டு புடிச்சாச் சாமி கீழ விழும்,” என்று ஆரூடம் கூறினார். பூபாலபிள்ளை தண்டு பிடித்தார். சாமி விழவில்லை.

இதை அவர் மறைப்பதில்லை. மாறாக, வேறுபாட்டை விளக்குவார். “படம் பாக்க நாங்க வாவியக் கடந்து டவுனுக்குப் போனம். கியூவில நிண்டம். மறுகாத்தான் அந்தக் காற்சட்டையத் தைச்சம். இவனுகளுக்குப் பாயில கிடக்கக் கிடக்கப் போனுக்குள்ளால வருது.” பாடுபட்டுத் தேடிக்கொண்ட கோமாளித்தனம் நாகரிகம், சும்மா கிடைத்த கோமாளித்தனம் சீர்கேடு. இவ்வளவு தெளிவான கொள்கை வேறெங்கும் காணக் கிடைப்பது அரிது.

இடையில் நீண்ட காலம் போர். அக்காலத்தில் ஓர் இளைஞனின் தலைமுடி எவ்வளவு இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வேறு பலரிடம் இருந்தது. அவர்களிடம் ஒலிபெருக்கி எடுத்துச் சென்று சட்டம் பேச எந்த வண்ணக்கரும் முன்வரவில்லை. பூபாலபிள்ளையும் முன்வரவில்லை. அவர் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, திருமணம் முடித்து, இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்று, வயல் செய்தார். பின்னர் வட்டைவிதானை ஆனார். அதாவது, தம் வட்டையிலுள்ள வயல்களுக்கு வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடுபவர். எந்த வயலுக்கு எப்போது நீர் என்று அவர் சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை. வரம்பை வெட்டினால் நீர் பாயும், அடைத்தால் நிற்கும். அந்த அனுபவத்தால், மனிதரையும் அடைத்தால் நிற்பார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்திருக்கலாம்.

ஓகஸ்டில் கொடி ஏறியது. முதல் இரு நாட்களும் இளைஞர்கள் தலையில் காவித் துணியைத் தலைப்பாவாகக் கட்டிக்கொண்டு தண்டு பிடித்தனர். பார்ப்பதற்குப் படைவீரரைப் போல மிடுக்காகவே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு தலைப்பா காற்றில் அவிழ்ந்து, உள்ளேயிருந்து மஞ்சள் முடி எட்டிப் பார்த்தது. பூபாலபிள்ளை ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டார். “தலைப்பாவுக்குள்ள ஒளிக்கிறதும் குற்றம்தான்! சட்டம் எண்டாச் சட்டம்!” இவ்வறிவித்தலோடு, பிற்காலத்தில் அவருக்கே பயன்பட்டிருக்கக்கூடிய ஒரேயொரு வாசலையும் அவர் தம் கையாலேயே இழுத்துச் சாத்தித் தாழிட்டார்.

ஐந்தாம் நாள் வேலாப்போடி குடியுடையது. நல்லரத்தினம் தம் குடி இளைஞரையெல்லாம் முன்கூட்டியே உதயரூபனிடம் அனுப்பி, தலைகளை ஒரே அளவாக்கி வைத்திருந்தார். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர்கள் பூபாலபிள்ளையின் சொந்தப் பிள்ளைகளான ரதீசும் அவன் தம்பியும். அவர்கள் தாயின் குடியல்லவா? தகப்பனுடைய வீட்டுச் சட்டத்தால் பத்து வயது முதலே ஒட்ட வெட்டிய தலைகள் அவை. ஊர் புகழ்ந்தது. பூபாலபிள்ளை பூரித்தார். தாம் இட்ட உரமெல்லாம் பக்கத்து வயலில் விளைந்திருப்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் உறைத்தது. உடனே தங்கை அன்னப்பூரணியின் வீட்டுக்குப் புறப்பட்டார். கந்தப்போடி குடியின் இளைஞர்களுக்குத் தலைவன்போல இருப்பவன் அவளுடைய மகன் நிதுர்ஷன். இருபத்துமூன்று வயது, வீடுகளுக்கு மாபிள் பதிக்கும் தொழில். அவன் எந்தச் சட்டை போட்டாலும் மறுவாரம் அவன் கூட்டாளிகள் அனைவரும் அதையே போடுவார்கள்.

“வாங்க அண்ண. தேத்தண்ணி ஊத்தட்டா?” என்றாள் அன்னப்பூரணி.

“தேத்தண்ணி இருக்கட்டும். உன்ட மகன் எங்க?”

“வேறெங்க, கண்ணாடிக்கு முன்னாலதான்.”

நிதுர்ஷன் வெளியே வந்தான். இரு பக்கமும் வழித்திருந்தது; உச்சியில் புதுச் செம்புக் கம்பிகள்போல முடி நிமிர்ந்து நின்றது; காதில் ஒரு தோடு மின்னியது. சட்டத்தின் நான்கு பிரிவுகளில் மூன்றை ஒரே ஆளில் காண முடிந்தது. காற்சட்டையின் முழங்காலையும் பார்த்ததும் நான்காவதும் நிறைந்தது.

“என்னடா மனே இது தலையில?”

“செம்புக் கலர் மாமா.”

“ஆரப் பாத்துடா செஞ்ச?”

“கொரியாவுல ஒரு பாட்டுக்காரன்.”

“கொரியாக்காரனுக்கும் நமக்கும் என்னடா சொந்தம்?”

“சொந்தம் ஒண்டும் இல்ல மாமா. உங்கட பெல்பொட்டம் எந்தச் சொந்தக்காரன் அனுப்பினது?”

அன்னப்பூரணிக்குத் திடீரென அடுப்படியில் வேலை வந்துவிட்டது. அங்கிருந்து எழுந்த இருமல் சிரிப்பைப் போலவே ஒலித்தது.

பூபாலபிள்ளை குரலைத் தணித்தார். “இஞ்ச பாரு. விடிஞ்சா நம்மட நாள். இண்டைக்கே எல்லாரும் போய் வெட்டிப் போட்டு வாங்க.”

“என்னத்துக்கு மாமா வெட்டுற?”

“தண்டு புடிக்கிறதுக்கு!”

“நீங்கதானே தொடப்படாது எண்டு மைக்கில சொன்னீங்க? நாங்க சட்டத்துக்கு அடங்கி நடக்கிறம். தொடமாட்டம்.” அவன் முகத்தில் சிரிப்பில்லை. “புடிக்க வாங்கடா எண்டு ஒரு சொல்லு முதல்ல சொல்லியிருந்தா, நாங்களே போய் மொட்டையும் அடிச்சிருப்பம். ஊர் முழுக்கக் கேக்க எங்கட தலையச் சந்தியில போட்டு அடிச்சீங்க. எங்கட அம்மாவக் கண்டாக் கண்டவனெல்லாம் ‘செம்புக் குடம் எங்க’ எண்டு கேக்கிறான்.”

இதற்கு உரிய விடை “என்னை மன்னித்துக்கொள்” என்பது. வண்ணக்கர்களின் அகராதியில் அச்சொல் இடம்பெறவில்லை. “வராம எங்க போவீங்க!” என்று கூறிவிட்டுப் பூபாலபிள்ளை படலையைத் திறந்தார்.

அன்னப்பூரணி பின்னால் ஓடி வந்தாள். “அண்ண, புடிக்கப்படாதவன் ஆரு எண்டு சட்டம் போட்டீங்க. புடிக்கிறவன் ஆரு எண்டு பாத்தீங்களா?”

அவர் பார்த்திருக்கவில்லை.

ஏழாம் நாள் மாலை. பூசை முடிந்தது. முருகன் மயில் வாகனத்தில் எழுந்தருளி, வசந்த மண்டபத்தில் தயாராக இருந்தார். எங்கள் கோயில் மயில் தேக்கு மரத்தாலானது. தோகைக்குப் பித்தளைத் தகடு வேறு. இருபது தோளாவது இல்லாமல் அது அசையாது. தண்டைத் தோளில் ஏற்றிய பின் வீதிவலம் முடியும்வரை கீழே வைப்பதும் வழக்கமில்லை.

“கந்தப்போடி குடி ஆக்கள் தண்டுக்கு வாங்க!” என்று பூபாலபிள்ளை ஒலிவாங்கியில் அழைத்தார்.

வந்தார்கள். ஏழு பேர். நால்வர் அவருக்கும் மூத்தவர்கள். ஐந்தாமவர் சித்திரையில்தான் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். பாரம் தூக்கக்கூடாதென்று வைத்தியர் சொன்னதை அவர் மனைவி, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அப்பாலிருந்து சத்தமிட்டு நினைவூட்டிக்கொண்டிருந்தாள். ஆறாமவர் கண் தெரியாமல் தண்டுக்குப் பதிலாக மயிலின் கழுத்தைப் பிடித்தார். ஏழாமவர் எதற்காக அழைத்தார்கள் என்று கேட்டார்.

கயிற்றுக்கு வெளியே, தேர்முட்டியின் பக்கம், குடியின் இளைஞர் அனைவரும் வரிசையாக நின்றனர். சலவை செய்த வெள்ளை வேட்டி, வெற்று மேனி, நெற்றி நிறைய விபூதி, கட்டிய கை. அத்தனை ஒழுக்கமாக எந்தத் தலைமுறையும் அக்கோயிலில் நின்றதில்லை. மாலை வெயிலில் அவர்கள் தலைகள் மட்டும் பலவித உலோகங்களாக மின்னின.

அப்போது நல்லரத்தினம் மெல்ல வந்து, பூபாலபிள்ளையின் தோளில் கைபோட்டார். அன்பு பொங்கியது. “மச்சான், யோசிக்காதீங்க. தோள் காணாட்டிச் சொல்லுங்க. நம்மட பொடியனுகள் நிக்கிறானுகள். தலையும் வடிவா வெட்டியிருக்கு, உங்கட சட்டப்படி.”

அவர் சுட்டிய இடத்தில் பூபாலபிள்ளையின் இரு பிள்ளைகளும் நின்றார்கள்.

“அப்பா, நாங்க புடிக்கட்டா?” என்று ரதீஸ் முன்வந்தான். பாவம், தகப்பனின் சங்கடத்தைத் தீர்க்கவே வந்தான்.

“நில்லுடா அங்க!” என்று தகப்பனார் அலறினார். “தண்டத் தொட்டியெண்டாத் தெரியும்!”

வெளியூரிலிருந்து வந்திருந்த சிலர், பெற்ற பிள்ளையைச் சாமி தூக்க விடாத இந்தக் கொடியவர் யாரென்று தமக்குள் விசாரித்தனர். ஊரவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இரண்டு தோள்களும் தண்டில் பட்ட கணமே அவை வேலாப்போடி குடித் தோள்கள். அடுத்த காளாஞ்சியில் நல்லரத்தினம் முன்னே, பூபாலபிள்ளை பின்னே. தாம் வளர்த்த தலைகளைக்கொண்டே தம் முதலிடத்தை வாங்கிக்கொள்ள மைத்துனர் வந்து நிற்கிறார் என்பதை அவர் உணர்ந்த அந்தக் கணத்தில், அவர் முகம் போன போக்கை வருணிக்கும் உவமை தமிழில் இன்னும் ஆக்கப்படவில்லை.

“வண்ணக்கர், நேரம் போகுது,” என்றார் குருக்கள். “தோள் இரிக்கா, இல்லையா?”

பூபாலபிள்ளை கயிற்றைத் தாண்டினார். இளைஞர் முன் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“நிதுர்ஷன், வாங்கடா மனே.”

“எங்க மாமா?”

“தண்டுக்குத்தான்.”

“தலை?”

“இப்ப தலைய ஆருடா பாத்த!”

“மைக்கில சொல்லுங்க மாமா,” என்றான் நிதுர்ஷன், மிகவும் பணிவாக. “மைக்கிலதானே தொடப்படாது எண்டீங்க.”

மேளகாரர் மேளத்தை நிறுத்தியிருந்தார். அவருக்கும் கேட்க ஆவல். பூபாலபிள்ளை ஒரு தடவை மயிலைப் பார்த்தார், ஒரு தடவை மைத்துனரைப் பார்த்தார். நல்லரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கியிருந்தார். அதைக் கண்டதும் வண்ணக்கர் ஏறக்குறைய ஓட்டமாகவே ஒலிவாங்கிக்குச் சென்றார்.

“எல்லாரும் கேளுங்க. சபை போட்ட சட்டம் தலைக்குத்தான். தோளுக்கு இல்ல. தண்டு புடிக்கிற தோளால. கந்தப்போடி குடியில தோள் இரிக்கிறவன் எல்லாரும் வாங்க!”

சட்டக்கல்லூரிகள் தூரத்தில் இருப்பது நல்லது. இந்த வியாக்கியானத்தைக் கேட்டிருந்தால் சில பேராசிரியர்கள் தொழிலை விட்டிருப்பார்கள்.

இளைஞர்கள் வந்தார்கள். ஏழு கிழவர்களையும் பக்குவமாக ஓரத்தில் இருத்திவிட்டு, ஒரே மூச்சில் மயிலைத் தூக்கினார்கள். நிதுர்ஷனின் தோளில் வேலொன்று பச்சை குத்தப்பட்டிருந்ததும், பச்சையைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லையென்பதும் அப்போதுதான் சபையோருக்குத் தெரிந்தன. வீதிவலம் முழுவதும் ஒரு தடவையேனும் தண்டு தாழவில்லை. தெற்கு வீதியில் அவர்கள் மயிலை ஆட்டிய ஆட்டத்தைக் கண்டு அன்னப்பூரணி உட்படப் பெண்கள் குரவையிட்டனர். பூபாலபிள்ளை சுவாமிக்கு முன்னால், வலப்பக்கம், நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். காளாஞ்சி முதலில் அவருக்கே வந்தது. நல்லரத்தினம் மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு இரண்டாவதாக வாங்கினார்.

ஊர்வலத்தை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்து, மெதுவாக நகரும்படி செய்து, இசையும் சேர்த்து உலகுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் பூபாலபிள்ளை அரசரைப் போலத் தோன்றுகிறார். பின்னால் செம்புத் தலைகள் எழுந்து எழுந்து தாழ்கின்றன. கனடாவிலிருந்தும் கட்டாரிலிருந்தும் உறவினர் அழைத்து, “கலக்கிட்டீங்க,” என்றார்கள். கைத்தொலைபேசியால்தான் இளைஞர் கெடுகிறார்கள் என்று கூறிவந்தவர், அந்தக் காட்சியை ரதீசின் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாராம். தொலைபேசியில் நல்லதும் உண்டு என்பது அவருடைய பிந்திய ஆராய்ச்சி முடிவு.

இதன் விளைவு வேறு விதமாக முளைத்தது. மறுவாரம் உதயரூபனின் சலூனில் வேலாப்போடி குடி இளைஞர் நின்றார்கள். ஒட்ட வெட்டிய தலையோடு தூக்கிய தங்களை எவரும் படம்பிடிக்கவில்லையென்பது அவர்களின் குறை. எல்லாருக்கும் செம்பு வேண்டுமாம். அவர்களுள் பூபாலபிள்ளையின் இளைய மகனும் இருந்தான். செய்தி அறிந்த நல்லரத்தினம் அடுத்த சபைக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து காத்திருந்தார்.

“மச்சான், ஒண்டு கேக்கணும்,” என்றார், கூட்டம் தொடங்கியதும். “எங்கட பொடியனுகளுக்கு நான் என்ன சொல்லுற? சபைக்கு முன்னால நேராச் சொல்லுங்க. வாற வருசத்துக்கு இந்தத் தலைமுடிச் சட்டம் இரிக்கா, இல்லையா?”

பூபாலபிள்ளை சிறிதும் யோசிக்கவில்லை.

“இரிக்கு. எங்கட குடிர நாள்ல மட்டும் இல்ல.”